மேளத்தை நிறுத்தி வைத்த இன்டர்வியூ

அக்டோபர் 28

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு அத்தனை ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பித்து, இரண்டே இரண்டு இடத்திலிருந்து இன்டர்வியூ. இரண்டும் வீட்டிலிருந்தபடியே, லேப்டாப்பில். போதும். ஒன்று கிடைத்தால் போதும்.

சிகாகோவில் இருக்கும் கல்லூரி சீனியர் ஜெரி போன் செய்தார். "மீனவக் குடும்பம்னு எடுத்த உடனே சொல்லிடு சௌமியா. இப்ப எல்லாரும் டைவர்சிட்டி பாக்குறாங்க. உன் பிளஸ் பாயின்ட்டே அதுதான்."

மெடிசினில் வாங்கிய தங்கப் பதக்கம்? "அது எல்லார்கிட்டயும் இருக்கும்மா" என்று சிரிக்கிறார். எரிச்சலாக வந்தது.

நவம்பர் 6

சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஒரு சுவருக்கு மட்டும். கேமராவில் அதுதான் தெரியும்.

நவம்பர் 14

இன்டர்வியூ முடிந்தும் தூக்கம் வரவில்லை. பயமில்லை, கோபம்.

மத்தியானம் எதிர்வீட்டு ஏழுமலை மாமா போய்விட்டார். நெஞ்சுவலி. துபாயிலிருந்து மகன் வர வேண்டும், எடுப்பது நாளைக்குத்தான். வாசலில் பந்தல், பட்டாசு, மேளம். குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை. எனக்கு ராத்திரி ஏழரை மணிக்கு முதல் இன்டர்வியூ.

நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாதான் போய் அங்கம்மா அத்தையிடம் சொல்லியிருக்கிறார். புருஷன் பிணத்துக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து அத்தை சத்தம் போட்டது இங்கே வரை கேட்டது. "டேய், மேளத்த நிறுத்துங்கடா! பொண்ணு பரீட்ச எழுதுது."

தெருவே அடங்கியது. அழுதவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அந்த அமைதியில் திரையில் இருந்த மூன்று பேரும் என்னிடம் என்ன கேட்டார்கள் தெரியுமா? அப்பாவின் படகு சொந்தமா? பெண்ணைப் படிக்க வைக்க வீட்டில் சம்மதித்தார்களா? சின்ன வயதில் பசியோடு தூங்கியது உண்டா? ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருதயம் பழுதானவருக்கு என்ன மருந்து தருவாய் என்று ஒரு கேள்வி? கிடையாது. மாதக்கணக்கில் படித்தேனே, ஒரே ஒரு கேள்வி?

கடைசியில் அவர்களில் தலைவராக இருந்தவர் ஆசையாகக் கேட்கிறார் - லேப்டாப்பைக் கொஞ்சம் வாசல் பக்கம் திருப்ப முடியுமா, கடலைப் பார்க்கலாமே.

திருப்பியிருந்தால் ஏழுமலை மாமாதான் தெரிந்திருப்பார்.

இருட்டிவிட்டது, ஒன்றும் தெரியாது என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறைய வேண்டும்போல இருக்கிறது. வேடிக்கையா பாக்குறீங்க? நான் இன்னா மிருகக்காட்சி சாலையா?

நவம்பர் 15

எடுத்தாயிற்று. சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். அழுது அழுது அத்தைக்குக் குரலே இல்லை.

"நேத்து இன்னாம்மா கேட்டாங்க? உன் மாமா மாரி நெஞ்சு வலிக்காரங்களுக்கு இன்னா பண்ணுவன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க அத்தை."

"நல்லா சொன்னியா?"

"சொன்னேன்."

டிசம்பர் 9

இரண்டாவது இன்டர்வியூ. குப்பம், படகு, மீன் எதையும் நான் எடுக்கவில்லை. ஒரு டாக்டரம்மா. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது பார்த்த நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல் என்றார். மணலி லாரி டிரைவர், விடாத இருமல், அவரைச் சொன்னேன். நான் கண்டுபிடித்த காரணத்தை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வாதாடினார். நானும் விடவில்லை. நேரம் போனதே தெரியவில்லை. என்னை ஒரு டாக்டராகப் பார்த்தார், வேறென்ன வேண்டும்?

ஜெரியிடம் சொன்னால் திட்டுகிறார். "பிளஸ் பாயின்ட்டை வீணாக்கிட்ட."

பிப்ரவரி 27

நமக்குப் பிடித்த ஆஸ்பத்திரிகளை நாம் வரிசைப்படுத்த வேண்டும், அவர்கள் நம்மை வரிசைப்படுத்துவார்கள். கம்ப்யூட்டர் ஜோடி சேர்க்கும். டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி முதலில். கடலைக் காட்டச் சொன்னவர்களை அடியோடு நீக்கிவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ரெண்டுதான கீது. ரெண்டையும் போடு. அவங்ககூட இன்னா சம்பந்தமா பண்ணப் போற?"

"அவங்க என்னைக் கேவலப்படுத்தினாங்கப்பா."

"ஏலத்துல மீன் விக்கறவன் தெனம் பாக்கறதுதான் அது. நீ போய் வேலையக் கத்துகினு வா."

அப்பா சொல்வது சரிதான் என்பதில்தான் கோபமே. திரும்பச் சேர்த்தேன். இரண்டாவதாக.

மார்ச் 16

இடம் கிடைத்திருக்கிறது. எது என்று வெள்ளிக்கிழமைதான் சொல்வார்களாம்.

மார்ச் 20

அவர்கள்தான். கடலைக் காட்டச் சொன்னவர்கள்.

அம்மா தெரு முழுக்க சாக்லேட் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஜெரி குதிக்கிறார், "நான் சொன்னேன் பாத்தியா!" சொன்னார்தான். பதக்கத்தோடு வாதாடியவளை டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் வேண்டாம் என்றுவிட்டார்கள், பசித்தாளா என்று கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சந்தோஷப்படு என்றால் எப்படி? அழுதேன். அம்மா அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள். இருக்கட்டும்.

மார்ச் 27

ஆஸ்பத்திரியிலிருந்து மெயில். புதிதாகச் சேர்பவர்களின் படங்களை இணையதளத்தில் போடுகிறார்களாம். நான் மட்டும் கடற்கரையில், படகோடு, முடிந்தால் அப்பாவோடும் நின்று எடுத்து அனுப்பினால் நன்றாக இருக்குமாம். அந்தத் தளத்தில் போய்ப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லோரும் வெள்ளை கோட்டில் இருக்கிறார்கள்.

வெள்ளை கோட்டில் ஒரு படம் அனுப்பினேன்.

மார்ச் 28

பதில் வந்துவிட்டது. படம் அருமையாம். படகோடு எடுத்தது ஏதாவது இருக்குமா என்று கேட்கிறார்கள்.

கடலுக்குப் போன படகுகள் திரும்பியிருந்தன, வாசலிலிருந்து கரை முழுக்கப் படகு. அப்பா எங்கள் படகில் வலையை உதறிக்கொண்டிருந்தார். 'இல்லை' என்று எழுதி அனுப்பினேன்.