மூன்றாவது கூப்பாடு

முருகன் துணை

நோட்டன் பிரிட்ஜ்,
10-7-1955

அன்பு மகன் மயில்வாகனத்துக்கு அப்பா கந்தப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி மனோரஞ்சிதமும் கதிர்காமக் கந்தன் புண்ணியத்தில் கஞ்சி குடித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம், கொழும்பு வெயிலும் அச்சுக்கூடத்து மையும் உன்னை எப்படி வைத்திருக்கின்றன என்று எழுது. இங்கே மழை விட்டபாடில்லை, பகல் பன்னிரண்டு மணிக்கே பனிமூட்டம் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வாய் மட்டும்தான் வலியில்லாமல் இருக்கிறது. அந்த வாயால் வந்த வினையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், இல்லை, வாயைத் திறக்காததால் வந்த வினை என்று சொல்லவேண்டும்.

மாசிப் பிறப்புக்கு முன்னே சுதந்திர தினத்துக்கு நம் வாசிகசாலையில் கொடியேற்றி வடை கொடுத்ததையும், நீ அனுப்பிய அரசியல் சட்டப் புத்தகத்தை நான் மேடை ஏறி வாசித்ததையும் முன்பே எழுதியிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் கையில் அரசியல் சட்டம் கிடைத்தால் எப்படி இருக்கும், பாதி புரிந்தது, மீதியைக் குரலை உயர்த்திச் சமாளித்தேன். ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் இடைஞ்சலாக எந்தச் சட்டமும் செய்யக்கூடாது என்ற இடத்தை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். அப்போது பக்கத்து வீட்டு மீனம்மா எழுந்து, அண்ணே, அதுல நாம எங்க இருக்கோம், நாப்பத்தேழுல ஓட்டுப் போட்டோம், அப்புறம் பிரசையே இல்லேன்னுட்டாங்களே என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் என்றால் நாமும்தானே தங்கச்சி என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன். இறங்கின பிறகு என் பங்கு வடையை மீனம்மாவின் இலையில் வைத்துவிட்டு வந்தேன்.

போன கிழமை பிரசாவுரிமை விசாரணைக்கு அழைப்பாணை வந்து போனேன். நம் விண்ணப்பம் போட்டபோது உனக்கு வயது வராததால் அம்மா, தங்கச்சி, நீ எல்லாரும் என் பேரின் கீழேதான் இருக்கிறீர்கள். நான் தேறினால் நான்கு பேரும் இந்த நாட்டுப் பிரசைகள், நான் தவறினால் நான்கு பேரும் ஒன்றுமில்லை. விசாரணையை மேல்தோட்டத்துப் பழைய தேயிலை ஸ்டோரில் வைத்திருந்தார்கள். கொழுந்து வாட்டிய தட்டுகள் இன்னும் மேல்மாடியில் இருக்கின்றன, காற்று வந்தால் யாரோ நடக்கிறமாதிரிச் சத்தம். அதற்கு நேர் மேலே உள்ள மலையில்தான் உன் தாத்தா ஆண்டியப்பனைப் புதைத்தோம், இப்போது அங்கே தேயிலைதான் நிற்கிறது, எந்தச் செடிக்குக் கீழே என்று எனக்கே தெரியாது. கொழுந்து எடுக்கிறவர்களும் அந்த நிரையில் பேச்சுக் கொடுக்காமல் கடந்துபோவார்கள்.

எங்களை வெளி வராந்தாவில் நீள வாங்குப் பலகையில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் நம் லயத்து நல்லமுத்து, அவனுக்கும் அன்றைக்குத்தான் விசாரணை, அவன்தான் வழிநெடுக என்னைக் கேலி பண்ணிக்கொண்டு வந்தான், மச்சான் சட்டம் படிச்ச ஆளு, தொரையே எந்திரிச்சு நாற்காலி குடுப்பாரு என்று. கொஞ்ச நேரத்தில் மூட்டம் இறங்கி அவன் முகமே எனக்குத் தெரியவில்லை. அப்போது, ஆண்டியப்பன் மகன் கந்தப்பன் என்று ஒரு கூப்பாடு. எழுந்து திரும்பிப் பார்த்தேன் மகனே. குரல் கதவுப் பக்கமிருந்து வரவில்லை, மலைப் பக்கமிருந்து வந்தது. உன் தாத்தா மலையில் நின்று என்னைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற அதே இழுவை. மூட்டத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் வாய் திறக்கவேண்டும், மனுசன் மூன்று தரம் கூப்பிடுவான், மற்றது இரண்டோடு நிறுத்திக்கொள்ளும், பதில் கொடுத்தவனைக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று உனக்கும் சொல்லித்தான் வளர்த்தோம். நல்லமுத்து என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, வாயத் தொறக்காத மச்சான், மூணாவது வரட்டும் என்றான். இரண்டாவது வந்தது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வரவே இல்லை.

அடுத்தாற்போல் நல்லமுத்து பேரைக் கூப்பிட்டார்கள். எனக்குப் புத்தி சொன்ன அந்த மனுசன் முதல் கூப்பாட்டுக்கே, இந்தா இருக்கேங்க ஐயா என்று துள்ளிக்கொண்டு ஓடினான். பிறகு கேட்டால், எனக்குக் கூப்பிட்டது ஆள் குரலு மச்சான், ஒனக்குக் கூப்பிட்டது ஆள் குரலு இல்ல என்கிறான். சிரிக்காமல் சொன்னான், அதுதான் எனக்குப் பயம்.

நான் உள்ளே ஓடிப் போனபோது ஆள் வரவில்லை என்று எழுதியாகிவிட்டது. கைகூப்பிக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். மொழிபெயர்க்கிறவர் வாயைப் பொத்திச் சிரித்தார், கவர்மெண்டு கூப்பிட்டாலும் பேய்க்கு விடுற தவணையா பெரியவரே என்றார். ஆனால் பியூன் சிரிக்கவில்லை. குளிருக்குக் கதவைச் சாத்தியிருந்தோம், நான் உள்ளே நின்று ஒரே தரம்தான் கூப்பிட்டேன் என்று அவன் சத்தியம் பண்ணினான். வாங்கில் இருந்த அத்தனை பேரும் இரண்டு கேட்டது என்கிறார்கள். மேலே தட்டுகள் ஆடின. அதிகாரி சிங்கள மனுசர், நரைத்த தலை. பேனாவை மூடிவிட்டு, அபே கமெத் எஹெமய் என்றார், எங்கள் கிராமத்திலும் அப்படித்தான் என்று. எழுதினதை அடித்துவிட்டு அடுத்த மாதம், ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி போட்டார். ஆனால் ஒன்று, அன்றைக்கு ஒரே கூப்பாடுதான், பதில் இல்லையென்றால் விண்ணப்பம் முடிந்தது, எனக்கும் வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் பழக்கம் நடக்கிறது. அம்மா என் பேரையும் மாமனார் பேரையும் வாயால் சொல்லமாட்டாளே, அதனால் தங்கச்சிதான் தண்ணீர்ப் பீலியில் நின்று கூப்பிடுவாள், நான் அடுப்படியிலிருந்து இருக்கேங்க என்று கத்துவேன். லயமே சிரிக்கிறது. நேற்று மத்தியானம் நல்ல மூட்டம். கூப்பாடு கேட்டது, இருக்கேங்க என்றேன். மறுபடி கேட்டது, மறுபடியும் சொன்னேன். சற்று நேரம் கழித்து மனோரஞ்சிதம் மீனம்மா வீட்டிலிருந்து தலையில் முறத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள், காலையிலிருந்து அங்கேதான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாளாம். அம்மா திருநீறை அள்ளி என் தலையில் கொட்டி அழுதாள், யாருக்குங்க பதில் சொன்னீங்க என்று. யாராக இருந்தால் என்னடி, பதினெட்டாம் தேதி நான் குரலை எடைபோட்டுக்கொண்டு உட்கார முடியாது என்றேன். வீரமாகத்தான் சொன்னேன், பிறகு அம்மா கொட்டிய திருநீறைத் துடைக்காமலே படுத்தேன்.

ஆகையால் மகனே, எப்படியாவது லீவு கேட்டு முந்தின நாளே வந்துவிடு. சளியோடு வராதே, கம்பளிச் சட்டை கொண்டுவா, ரயிலில் யாரோடும் அரசியல் பேசாதே, அது நம் குடும்பத்தில் எனக்கு மட்டும் உள்ள வியாதி. அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு நீ போய் அந்த வாங்கில் உட்கார். கந்தப்பன் மகன் மயில்வாகனம் என்று கூப்பாடு வரும். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் முதல் கூப்பாட்டுக்கே எழுந்து இருக்கேன் என்று சொல். குரல் என்னுடையது மாதிரி இருந்தாலும் பயப்படாதே, சொல்லிவிடு.

கந்தன் உன் நெற்றியில் எப்போதும் நீறாக இருக்கட்டும், நீண்ட ஆயுளோடும் மானத்தோடும் இந்த மண்ணில் வாழ்வாய். அம்மா உனக்குக் கன்னத்தில் கைவைத்துத் திருஷ்டி கழித்ததாக எழுதச் சொன்னாள். பதினெட்டாம் தேதி, மறந்துவிடாதே.

உன் அன்பு அப்பா,
ஆ. கந்தப்பன்