மேலாளர் மனைவியின் தட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் மேலாளருக்குப் பிரிவுபசார விருந்து நடந்தது. இத்தாலியச் சமையலையும் ஜப்பானியச் சமையலையும் கலந்து பரிமாறும் பெரிய உணவகம். ஏற்பாடு முழுக்க என் தலையில். அவர் மனைவிக்கு முந்திரி ஆகாது, மூச்சடைத்துவிடும் என்று உணவகத்தில் முன்பே சொல்லியிருந்தேன். ஆனாலும் அந்த அம்மாவின் தட்டில் இருந்த நூடுல்ஸின் பச்சை விழுதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது; அந்த மாதிரி விழுதில் முந்திரி அரைத்துச் சேர்ப்பதுண்டு. வாயருகே போன கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

"என்னம்மா பண்ற?" என்றார் மேலாளர்.

சமையல்காரர் ஓடிவந்து பார்த்தார். "ஐயோ, இதுல முந்திரி இருக்கு. தட்டு மாறிப்போச்சுங்க."

பயப்படாதீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாப்பிட்டு முடியும்வரை அந்த அம்மா இடக்கையால் என் கையைப் பிடித்தபடியே இருந்தார். இங்கு வந்தபிறகு யாரும் என் கையைப் பிடித்ததில்லை, அப்பா.

உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், குளிருக்குத்தான். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்