காரணம்: மலை ஏற

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? போனில் நீ திட்டி முடிப்பதற்குள் டீ பிரேக் முடிந்துவிடும், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போக ஹாஸ்டல் நோட்டில் காரணம் எழுத வேண்டும். எல்லோரும் 'கோவில்' என்று எழுதுவார்கள். நான் 'மலை ஏற' என்று எழுதினேன்.

"இன்னாம்மா, மலை மேல சாமி கீதா?" என்றார் வார்டன் ஞானம்மா.

"இல்லக்கா, மலைதான் இருக்கு."

கிளம்பிவிட்டேன். மார்கழியின் இளவெயிலில் அரைமணி நேர ஏற்றம்தான். வாரமெல்லாம் கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்த கால் வலிக்கவேயில்லை. உச்சியிலிருந்து ஏரியும், தெற்கே நம் ஊர்ப்பக்கம் போகும் ரயிலும் தெரிந்தன. ரயில் மறையும்வரை பார்த்தேன்.

திரும்பியதும், "இன்னொரு தபா போனா உங்கம்மாவுக்கு போன் போடுவேன்" என்றார் வார்டன். வரும் ஞாயிறும் போவேன், அதே காரணம்தான் எழுதுவேன்.

செருப்பு வழுக்குகிறது, என் பள்ளிக்கூட ஷூவை அனுப்பு. கம்பெனி பஸ் வந்துவிட்டது. வார்டன் கேட்டால், "நான்தான் போகச் சொன்னேன்" என்று சொல். பொய் சொல்ல மனம் வராவிட்டால், இதைப் படிக்கும்போதே ஒருமுறை "போ" என்று சொல்லிவிடு.

இசக்கிசெல்வி