வீட்டில் யாரும் இல்லை

மார்ச் 4

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. என் வீட்டுக்காரர் சாவுக்கு நீ வராததை மறந்துவிட்டேன் என்றும் நினைக்காதே. மழை என்று சொல்லி அனுப்பினாய். அன்றைக்கு மழை பெய்யவில்லை.

காரியம் இதுதான். உன் மகன் பெரிய அதிகாரியாகி எங்கள் கரைக்குத் துறைமுகம் கொண்டுவருகிறானாம். ஐஸ் கிடங்கு, ஏலக்கூடம், தார் ரோடு எல்லாம் வருகிறதாம். வரட்டும். ஐஸ் வண்டி வராமல் கூடை கூடையாக மீனை மண்ணில் புதைத்தவள் நான், எனக்கு மட்டும் வேண்டாமா? ஆனால் ரோட்டு முனையில் பெரிய படம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் எங்கள் தெரு இருக்கிற இடத்தில் புல்தரை, ஒரு பெஞ்சு. பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்து கடலைப் பார்க்கிறாள். எப்படிப் பார்த்தாலும் என் அடுப்படி மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஐஸ் வண்டிக்காரர் துறைமுக ஆபீஸில் விசாரித்து வந்து சொன்னார். போன வருஷம் இரண்டு பேர் கணக்கெடுக்க வந்தார்கள். ஆம்பளைகள் எல்லாம் கடலில். வாசலில் நின்று, "வீட்ல யாரு இருக்கா?" என்றார்கள். தெரியாத ஆம்பளை வந்து கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் என்ன சொல்வோம், உனக்கே தெரியும். "வீட்ல யாரும் இல்ல, அப்புறம் வாங்க." தெரு முழுக்க அதையே சொன்னோம். அவர்களும் அதையே போனில் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். யாரும் இல்லை என்று சொன்னது யார் என்று அந்தப் புத்திசாலிகளுக்குத் தோன்றவில்லை. இப்போது ஆபீஸ் கணக்கில் எங்களுடையது ஆளில்லாத தெரு.

உன் மகனிடம் சொல். அந்த ஒரு சொல்லைத் திருத்தினால் போதும்.

உன் அக்கா


மார்ச் 19

என் அன்பு அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. திட்டித்தான் எழுதியிருக்கிறாய், இருந்தாலும் எழுதினாயே. எனக்கு மூட்டு வலி. மாடிக்கு ஏறியே மாசக்கணக்காகிறது. நீ பக்கத்தில் இருந்தால் நீவி விடுவாய்.

மகன் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான். "பெரியம்மா இன்னும் அப்படியேதான் இருக்காங்களா?" என்றான். பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். கை கழுவப் போனவன் திரும்பி வந்து, "அந்தத் தெருவுல கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க எத்தன பேரும்மா?" என்று கேட்டான். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. தெரிந்தால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஏப்ரல் 11

தங்கச்சிக்கு,

எத்தனை பேர் மனுவில் கையெழுத்துப் போடுவோம் என்று எண்ணிப் பார்க்கிறானா? சொல்ல மாட்டேன். ஏழு வயதில் என் குடத்தை உடைத்துவிட்டு என் மகன் மேல் பழி போட்டவன் உன் மகன். அன்றைக்கு அடி வாங்கியது என் பிள்ளை. அவன் ஒரு கேள்வி கேட்டால் நான் யோசித்துத்தான் பதில் சொல்வேன்.

இங்கே நடப்பதைக் கேள். பஸ் இப்போது வளைவோடு திரும்பிப் போகிறது. தண்ணீர் லாரி நிற்காமல் போனது. ஓடிப்போய் மறித்தேன். "பாட்டி, என் ரூட்டுல இந்தத் தெருவே இல்ல" என்றான் டிரைவர். கொல்லையில் சிவப்புத் தலை வைத்த முளைக்குச்சி ஒன்று அடித்தார்கள். பக்கத்து வீட்டு வலைக்காரி அதைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். மறுநாள் காலையில் இரண்டு இருந்தன.

நேற்று தொப்பிக்காரன் ஒருவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். உலை வைத்துக்கொண்டிருந்தேன். "வா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்றேன். என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தான். அளந்தான். போய்விட்டான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

உன் மகன் என்னதான் சொல்கிறான்?

உன் அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

வாசித்ததும் இதைக் கிழித்துவிடு.

அவன் திருத்த மாட்டான். ஆள் இருப்பதாக எழுதினால் எல்லாருக்கும் வேறு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டுமாம். அதற்குள் திட்டம் வேறு கரைக்குப் போய்விடுமாம். "ஒரு தெருவுக்காக ஒரு கரையே காத்துக் கெடக்கணுமாம்மா?" என்கிறான்.

மே பத்தாம் தேதி, படகுகள் போனபிறகு இயந்திரங்களோடு வருகிறார்கள். முந்தின நாள் உனக்கு ஒரு வண்டி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கீழேயே உனக்கு ஓர் அறை ஒழித்து வைத்துவிட்டேன். ஜன்னல் இருக்கிறது, நல்ல காற்று. கடைசிக் காலத்தில் இரண்டு பேரும் ஒன்றாக இருப்போம்.

வேறு யாரிடமும் மூச்சு விடாதே.

உன் தங்கை


மே 6

நீ எழுதியது கிடைத்தது. கிழிக்கவில்லை.

முதலில் எனக்குள் வாசித்தேன். அறை என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், சோறு குழைந்து போகிற வரைக்கும் அந்த அறையையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே பாயில் படுத்து வளர்ந்தோம், நீ எப்போதும் என் பக்கம்தான் உருண்டு வருவாய். எனக்கு எல்லாம்தான் ஞாபகம் இருக்கிறது, கெட்டது மட்டும் இல்லை.

பிறகு வெளியே போய்த் தெரு ஆட்களைக் கூட்டி எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். உன் கிறுக்கலை எழுத்துக் கூட்டித்தானே வாசிக்க முடியும், நேரமாகிவிட்டது. "கடைசி வரிய இன்னொரு தடவ வாசி" என்றாள் வலைக்காரி. வாசித்தேன். யாரும் அழவில்லை. "ஒன் தங்கச்சி நல்லவதான்," என்றாள், "ஒரு ஆளுக்கு மட்டும்."

பத்தாம் தேதி ஒரு படகும் கடலில் இறங்காது. ஆம்பளைகள் கரையில் இருப்பார்கள். இரண்டு நாளாக அவர்கள் சத்தமாகப் பேசுவதில்லை. என் பேரன் துடுப்பைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். அது ஏற்கெனவே செதுக்கின துடுப்பு.

வண்டி அனுப்பாதே. உன் மகன் அன்றைக்கு இங்கே வருவதாக இருந்தால் காலைப் பிடித்தாவது அவனை வீட்டில் நிறுத்திக்கொள். நீ எனக்கு ஒரு தேதியைச் சொன்னாய், நான் அதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். நமக்குள் பற்று வரவு முடிந்தது.

பதில் போட வேண்டாம். அந்த அறையில் சாமான் ஏதாவது போட்டு வை.

இப்படிக்கு,
கடற்கரைத் தெருவில் குடியிருப்பவள்