மாலாவின் கல்லுக்கு இடம் கேட்டு

அனுப்புநர்:
இருசப்பன் த/பெ சன்னாசி,
தாமான் ஸ்ரீ மெலூர்,
ஜெராம், சிலாங்கூர்.

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
மாவட்ட நில அலுவலகம்,
கோலா சிலாங்கூர்.

பொருள்: ஹார்ட்வெல் தோட்டத்து இடுகாட்டில் இருந்த என் மகளின் கல்லறைக் கல் என் வீட்டு வாசற்படியில் கிடைத்தது குறித்தும், அவளைப் புதைத்த இடத்தைக் கண்டறிந்து தரக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்படி தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவன். மலாய் பேசுவேன், மனத்தில் உள்ளதை எழுதத் தமிழ்தான் வரும். எங்கள் குடியிருப்புச் செயலாளர் குமரவேல் செய்த மலாய் மொழிபெயர்ப்பை இத்துடன் இணைத்துள்ளேன். அவர் நயமான மனிதர். என் சூட்டைக் கொஞ்சம் ஆற்றியிருப்பார். ஆகவே இதையும் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

1. எங்கள் மகள் மாலா நான்கு வயதில் காய்ச்சலில் இறந்தாள். சிறு பிள்ளைகளை எரிப்பது எங்கள் வழக்கமில்லை என்பதால் தோட்டத்து இடுகாட்டில் புதைத்தோம். அவள் பெயரை நானே கருங்கல்லில் செதுக்கினேன். கீழே ஒரு கிளியும் செதுக்கினேன். அது கோழி மாதிரி வந்துவிட்டது. அத்தனை அழுகையிலும் என் மனைவி திலகா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

2. சில ஆண்டுகளுக்கு முன் தோட்டம் வீடமைப்புக்காகக் கைமாறியது. இடுகாட்டைத் தொடமாட்டோம் என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம்.

3. ஜெராமில் கடல் பெருகினால் எங்கள் வீதியில் தண்ணீர் ஏறும். அதனால் சென்ற ஆண்டு வீட்டுத் தரையை உயர்த்தினோம். திலகாவுக்கு முட்டிவலி, தாழ்வான படிகள் தேவைப்பட்டன. கட்டுமானச் சாமான் விற்கும் ஒருவர் லோரியில் கல் கொண்டுவந்து இறக்கினார். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "ஒடச்ச கட்டடத்துக் கல்லு அங்கிள், நல்ல கெட்டி லா" என்றார். ஒருபக்கம் மண்ணும் பாசியும் அப்பியிருந்தன. எந்தக் கொத்தனாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: வழவழப்பான பக்கத்தை மேலே வைத்துப் பூசினேன். நன்றாக அமைந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

4. சென்ற தீபாவளிக்கு முன், வழக்கம்போல் பிள்ளைக்குப் படைக்கப் போனோம். தகர வேலி அடைத்திருந்தது. உள்ளே விட உத்தரவில்லை என்றார் காவலாளி. வேலியோரத்திலேயே இலை விரித்து, முறுக்கும் அவளுக்குப் பிடித்த மைலோ பானமும் வைத்துக் கும்பிட்டோம். இடுகாட்டுக்குப் போய் வந்தால் வாசலில் கால் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவோம், ஐயா. அன்றும் அந்தப் படியில் நின்றுதான் இருவரும் காலைத் தேய்த்துக் கழுவினோம்.

5. இம்மாதத் தொடக்கத்தில் பெய்த மழையில் மண் அரித்து ஒரு படி சாய்ந்தது. மட்டம் பார்த்துத் திரும்பப் பதிக்கலாம் என்று பெயர்த்துத் திருப்பினேன். திலகா குழாயால் தண்ணீர் பீய்ச்சினாள். பாசி விலகியதும் முதலில் தெரிந்தது அந்தக் கிளிதான்.

6. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பிள்ள மேலயே ஏறி எறங்கிக்கிட்டு இருந்திருக்கமேங்க. அவ மேல நின்னுக்கிட்டா அவ தீட்டக் கழுவுனோம்?" தெரியாமல் நடந்தது என்று ஊரே சொல்கிறது. பெற்றவளுக்கு அது போதவில்லை. கல்லை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். சாப்பாடு இறங்கவில்லை.

7. அடுத்த கல்லையும் திருப்பினேன். அதில் சிலுவை இருந்தது. பெயர் இருந்த பகுதி உடைந்துவிட்டிருந்தது. எங்களோடு வேலை செய்த காப்ரியல் பின்வீதியில் இருக்கிறார். அவருடைய தாயாரையும் அதே இடுகாட்டில்தான் அடக்கம் செய்தார்கள். சிலுவைக் கல்லைப் பற்றி இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அவர் தினமும் கையசைத்துவிட்டுப் போகிறார். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். மற்ற கற்களைத் திருப்ப என் கை வரவில்லை. நாங்கள் இப்போது சமையலறைப் பக்கமாகப் போய்வருகிறோம்.

ஆகவே ஐயா, தங்கள் அதிகாரி ஒருவரை அனுப்பி, மீதிக் கற்களைச் சாட்சிகள் முன்னிலையில் திருப்பிப் பார்க்க வேண்டுகிறேன். இடுகாட்டைத் தோண்டியவர் யார், அந்த மண் எங்கே கொட்டப்பட்டது என்று விசாரிக்கவும், அது தெரியும்வரை அங்கே வேலையை நிறுத்தி வைக்கவும் கோருகிறேன். தோண்டாமல் ஒரு மூலையாவது மிஞ்சியிருந்தால், எங்கள் இருவரையும் உள்ளே விட உத்தரவிடுங்கள்.

புதிதாகக் கல் தருகிறோம், கோயிலில் பூசை செய்து தருகிறோம் என்று வீடமைப்புக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். கல் எங்களிடம் இருக்கிறது, ஐயா. பிள்ளை எங்கே என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

இடம்: ஜெராம்
நாள்: 17 மார்ச் 2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
இருசப்பன் த/பெ சன்னாசி, மாலாவின் தகப்பன்

(கைரேகை)
திலகா, மாலாவின் தாய்