நிறுத்தச் சொன்னது நீ

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்தைப் பிறகு கேட்கிறேன். முதலில் நான் சொல்வதைக் கேள். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து அதுவே ஓய்ந்துபோகிறது. கடிதம் என்றால் உன் வாசலில் கிடக்கும். என்றைக்காவது குனிந்து எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நீ கொடுத்த இரண்டாவது செக்கும் திரும்பி வந்துவிட்டது. உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறாயே, அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

அப்பா போன பிறகு வீட்டை விற்றோம். ஆளுக்குப் பாதி என்று பேசினது நீதான், நான் வாயே திறக்கவில்லை. வாங்கினவர் பணத்தை இரண்டாகப் பிரித்துத் தருகிறேன் என்றபோது, எதற்கு வீண் அலைச்சல், மொத்தமும் என் கணக்கிலேயே விழட்டும், அக்கா பங்குக்கு நான் செக் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொன்னதும் நீதான். நீ ஊருக்குக் கிளம்பின அன்று என் தையல் கடையில், துணி வெட்டுகிற மேஜை மேல் வைத்து எழுதிக் கொடுத்தாய். டாக்சி வாசலில் நின்றது.

அந்த செக் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பியது. பேங்கில் இருக்கிற உன் கையெழுத்து ஒரு மாதிரி, செக்கில் போட்டது இன்னொரு மாதிரி. செக்கோடு பேங்கில் கொடுத்த சீட்டைப் பார்த்து என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை, அவசரத்தில் கிறுக்கியிருப்பான் என்றேன். உன்னைக் கேட்டபோது நீயும் சிரித்துக்கொண்டே அதையேதான் சொன்னாய். கூரியரில் வேறு செக் அனுப்பினாய்.

இந்தத் தடவை நான் விவரமாகப் பார்த்தேன். தேதி, பெயர், எண்ணிலும் எழுத்திலும் தொகை, எல்லாம் சரி. அடித்தல் திருத்தல் கிடையாது. கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. பேங்கில் போட்டேன். அன்றைக்கே மெயின் ரோட்டுக் கடைக்கு அட்வான்ஸாக என் செக்கைக் கொடுத்தேன். இன்னொருவரும் அந்தக் கடையைக் கேட்டுக்கொண்டிருந்தார், காத்திருக்க வழியில்லை. உன் பணம் வந்து விழும், அதிலிருந்து அட்வான்ஸ் போகும் என்று கணக்குப் போட்டேன். பாழாய்ப்போன கணக்கு.

உன் பணம் வரவில்லை. என் கணக்கில் போதுமான பணம் இல்லை என்று என் செக்கும் திரும்பியது.

மெயின் ரோட்டுக் கடைச் சொந்தக்காரர் நேராக என் தையல் கடைக்கே வந்துவிட்டார். அளவு கொடுக்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். காலிக் கணக்கை வைத்துக்கொண்டு செக் எழுத யார் சொல்லிக் கொடுத்தது, போலீசுக்குப் போகட்டுமா என்று கத்தினார். எங்களிடம் பட்டன் கட்டுகிற அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மரியாதையாகப் பேசுங்கள், பணம் வரும் என்று நம்பித்தானே கொடுத்தார்கள் என்று ஊசியும் கையுமாக எழுந்து நின்றார். நான்தான் அந்த அக்காவைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நானும் கத்தியிருப்பேன்.

மறுநாள் பேங்குக்குப் போனேன். அப்போதும் உன் மேல் சந்தேகம் வரவில்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சத்தம் போட்டேன். என் தம்பி கணக்கில் பணம் கொட்டிக் கிடக்கிறது, நீங்கள் செய்த தப்புக்கு நான் ஏன் தலைகுனிய வேண்டும் என்று கேட்டேன். அவள் சீட்டை என் பக்கம் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தாள். பணம் தர வேண்டாம் என்று கணக்குக்காரரே நிறுத்தியிருக்கிறார். உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "கையெழுத்து மாறலாம், தேதி தப்பா விழலாம், பணம் குறையலாம். அதெல்லாம் தெரியாம நடக்கும். இது அப்படி நடக்காதும்மா. அவரே கேட்டுக்கிட்டாத்தான் நாங்க நிறுத்துவோம்." வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். முதல் செக்கில் உன் கை தடுமாறியதா, மனசு தடுமாறியதா? அக்கா ஆறு வருஷம் அப்பா வீட்டில் வாடகை இல்லாமல் இருந்தாள், அதுவே அவள் பங்குக்குச் சரியாகப் போச்சு என்று சித்தப்பாவிடம் நீ சொன்னதாகக் காதில் விழுந்தது. நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். வாடகை தரவில்லை, உண்மைதான். அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டினதும், மூத்திரத் துணி அலசினதும், நான் யாரென்று தெரியாமல் அவர் அறைந்தபோது வாங்கிக்கொண்டதும் வாடகையில் சேராதா? அதற்கெல்லாம் நான் விலை கேட்டதில்லை. நீதான் விலை போட்டாய், சைபர் என்று.

பாதி தர மனசில்லை என்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், ஒரு மாசம் பேசாமல் இருந்திருப்பேன். அதை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒரு பெண் வாயால் கேட்க வைத்தாயே!

மெயின் ரோட்டுக் கடை வேறொருவர் கைக்குப் போய்விட்டது. எனக்காகச் சொந்தக்காரர் அடித்த பலகைக்கும் இழுத்த கரண்ட் லைனுக்கும் ஓரம் அடிக்கிற மெஷினை விற்றுப் பணம் கொடுத்தேன். புதுக் கடைக்கென்று ஆசைப்பட்டு எழுதி வாங்கின போர்டு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

நேற்று வக்கீல் நோட்டீசில் கையெழுத்துப் போட்டேன். சொந்தத் தம்பி மேலா, யோசித்துக்கொள் என்றார் என் வீட்டுக்காரர். யோசித்துத்தான் போட்டேன். போகட்டும் என்று அக்கா விட்டுவிடுவாள் என நீ நினைத்திருந்தால், தப்புக் கணக்கு. யாரோ வந்து அதை உன் கையில் கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நோட்டீசுக்குப் பதிலை வக்கீலுக்கு அனுப்பு. இதற்குப் பதிலை எனக்கு எழுது. திட்டியாவது எழுது.

உன் மகளுக்கு இரண்டு கவுன் தைக்கத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? தோளிலிருந்து முட்டி வரை எவ்வளவு என்று அளந்து எழுது. வளருகிற பிள்ளை, கீழ் மடிப்பில் கொஞ்சம் துணி விட்டே தைக்கிறேன். அவள் நன்றாக இருக்கட்டும்.

நீயும்.

இப்படிக்கு,
அக்கா