செவ்வாய்க்கிழமை பஸ்

நவம்பர் 9
ரத்தினசாமி மாமா ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கப் போகிறாராம். ஊருக்கெல்லாம் இலவசக் காலண்டர். அப்பா வேலை பார்க்கும் சிவகாசி அச்சகத்தில் ஆர்டர். மாதத்துக்கு ஒரு 'நம்ம ஊர் வசதி' போட வேண்டும். "நீதான் எந்நேரமும் புஸ்தகமும் கையுமா இருக்கியே, எழுதிக் குடு தாயி" என்றார் மாமா.
ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, பூட்டிய டிவி ரூம், சுடுகாடு. ஏப்ரலோடு ஊர் முடிந்துவிட்டது.

நவம்பர் 11
பள்ளி நூலகத்தில் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றைப் பற்றிய புத்தகம். ஆட்கள் நம்மைவிடக் குறைவு, பெருமை அதிகம். வாத்துக் குளம். 'வாத்து கடக்கும்' என்று சாலையில் பலகை! பழைய போன் கூண்டுக்குள் நூலகம். மதுக்கடையைக்கூட வசதி என்கிறார்கள். இங்கே அதற்குத்தான் மறியல். செவ்வாய்தோறும் ஒரு பஸ்.
மீதி மாதங்களை அங்கிருந்தே நிரப்பினேன், மதுக்கடை நீங்கலாக. ரேஷன் கடையைத் தள்ளிவிட்டு, பஸ்ஸை ஜனவரியில் போட்டேன். ஆசைதான்.
மாமா வாசிக்கவில்லை. எல்லாப் பக்கத்திலும் தன் படம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

டிசம்பர் 2
இங்கே பத்தாவதோடு சரி. பதினொன்றுக்குச் சிவகாசி போகட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "காலைல யாரு கொண்டுவிடுவா? நான் நைட் ஷிப்ட் முடிஞ்சு வரவே ஒம்போதாகும். பஸ் வரட்டும், பாப்பம்."
வராத பஸ்ஸில் ஏறி நிற்கிறது என் படிப்பு.

ஜனவரி 6
பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் அத்தை, காலண்டரை நம்பி, கத்திரிக்காய்ப் பையோடு வேப்பமரத்தடியில்! கூடவே ஏழெட்டுப் பேர். ஐயோ, நம்புவாங்கன்னு யாருக்குத் தெரியும்?
மாமா பைக்கில் வந்து மாட்டினார்.
"ரத்தினசாமி, பஸ் எங்கன?"
"எந்த பஸ்ஸக்கா கேக்கீக?"
"ஓம் மூஞ்சிக்குக் கீழ போட்டுருக்கில்ல, அந்த பஸ்ஸுதான்."
அன்றுதான் மாமா காலண்டரை முதன்முறையாகப் படித்தார். பிறகு என்னைத் தேடினார். நான் கக்கூசில்.

ஜனவரி 19
ஓட்டுப் பயத்தில் மாமாவே வேன் பிடித்தார். எல்லோரும் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய், மனுவோடு காலண்டரையும் நீட்டினார்களாம்.

பிப்ரவரி 3
பஸ் வந்தது! டிரைவருக்கு மாலை. அவர் சொன்னார்: "செவ்வாக்கெளம மட்டுந்தான் வருவேன். நீங்க அப்படித்தான கேட்டீக?"
"அப்ப வாரத்துக்கு ஒருநா படி" என்று அப்பா சிரித்தார்.
தினமும்னு எழுதுனா கையா ஒடிஞ்சிருக்கும் எனக்கு? அழுதேன்.

பிப்ரவரி 8
அப்பா ஒரு கட்டுத் துண்டுத்தாள் கொண்டுவந்தார். வேஸ்ட் பேப்பரில் அடித்தது. 'பிழைத்திருத்தம்: செவ்வாய்தோறும் என்பதைத் தினந்தோறும் என்று திருத்தி வாசிக்கவும்.'
"அச்சுல தப்பு வந்தா இப்படித்தான் ஒட்டுவோம். பசைய எடு."
வீடு வீடாக ஒட்டினோம். சில வீடுகளில் மாமாவின் மூக்கின்மேல். நாளை மறுபடி சூலக்கரை.

ஏப்ரல் 20
வாத்து எங்கே என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஜூன் 10
எழுத்து கோணல்மாணலாக வருகிறது. சாலை அப்படி. மடியில் பஞ்சம்மாள் அத்தையின் கத்திரிக்காய்ப் பை வேறு. டிரைவர் ஹாரனை விடுவதாக இல்லை.
இன்று புதன்.